மலைப்பாதை ஜீப்பின் உள்ளிரைச்சலை எப்படிக் குறைப்பது?

கேரளத்தின் இடுக்கி மலையில் சூரியநெல்லியில் இருக்கும் ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். அவரிடம் பழைய மஹிந்திரா எம்.எம். 540 டீசல் ஜீப் இருக்கிறது. படுதாவை எடுத்துவிட்டுத் தகரக் கூரையும் தகரக் கதவுகளும் போட்டிருக்கிறார். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவதும், குடும்பத்தோடு பூப்பாறை வழியாகப் போடிமெட்டு இறங்கித் தேனிக்குப் போய்வருவதும் அந்த ஒரே வண்டியில்தான். உள்ளே பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்பதில்லை. வயதான தாயாருக்கு இறங்கிய பிறகும் காதில் இரைச்சல் ஓய்வதில்லை. வண்டி முழுவதும் சவுண்ட் ப்ரூஃப் ஷீட் ஒட்டித் தருவதாக ஒரு கடையில் பெரிய தொகை கேட்கிறார்கள். ஒட்டலாமா, ஒட்டினால் பலன் இருக்குமா என்பது அவர் கேள்வி.

ஒட்டலாம், ஆனால் அது இந்த வேலையின் கடைசிப் பகுதி. முதலில் இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். அடுத்துப் பழுதுகளைச் சரிசெய்ய வேண்டும். அதற்கும் அடுத்து ஓட்டைகளை அடைக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் வண்டி முழுவதும் ஷீட் ஒட்டினால் எடை கூடும், பணம் கரையும், இரைச்சல் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைவிட முக்கியமாக, இடுக்கி மலையில் ஜூன் தொடங்கிப் பெய்கிற மழையில், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள் எதையாவது தரையில் ஒட்டிவிட்டால், தரைத்தகடு அடியிலிருந்து அரித்துக்கொண்டு போவது மேலே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

முதலில் கணக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைப் புரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சமாகும். இரைச்சலை அளக்கும் டெசிபல் சாதாரண எண்களைப் போலக் கூடுவதில்லை. 83 டெசிபல் தரும் இரண்டு இரைச்சல்கள் சேர்ந்தால் 86 டெசிபல்தான் வரும். ஆகவே சம வலிமையுள்ள இரண்டில் ஒன்றை அடியோடு ஒழித்தாலும் குறைவது வெறும் 3 டெசிபல். இரைச்சல் பாதியாகிவிட்டது என்று காதுக்குத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். இன்னொரு பக்கம், பெரிய இரைச்சலைவிட 10 டெசிபல் சிறியதாக இருக்கும் ஒன்றை முழுவதுமாக நீக்கினாலும் மொத்தத்தில் அரை டெசிபல்கூடக் குறையாது. இதிலிருந்து தெரிவது, எது பெரியதோ அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும், அது குறையும்வரை மற்றவற்றில் செலவிடும் பணம் காதுக்கு எட்டாது என்பதே.

எது பெரியது என்பது பாதையைப் பொறுத்து மாறும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் ஏறும்போது இன்ஜின், மின்விசிறி, கியர்பாக்ஸ் ஆகியவற்றின் சத்தமே மேலோங்கி நிற்கும். டயரும் காற்றும் கணக்கிலேயே வராது. அதே வண்டி மலையடிவாரத்து முந்தல் தாண்டிச் சமவெளியில் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது டயரும் காற்றும் மேலெழுந்து இன்ஜினைப் பின்னுக்குத் தள்ளிவிடும். தோட்டத்து மண்பாதையிலோ இந்த இரண்டையும்விடக் கதவு, ஸ்டெப்னி, சீட்டுக் கட்டை, கருவிப்பெட்டி ஆகியவை ஆடி முட்டிக்கொள்ளும் சத்தமே பெரிதாக இருக்கும். எனவே உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி எங்கே என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். தாயாரோடு போகும் தேனிப் பயணம்தான் முக்கியம் என்றால், வேலையின் வரிசை ஒரு விதமாக இருக்கும். நாள் முழுவதும் தோட்டத்து ஏற்றத்தில் ஓட்டுகிறவரின் காது முக்கியம் என்றால் வேறு விதமாக இருக்கும்.

சோதனை எளிது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, கதவு கண்ணாடிகளை மூடிக்கொண்டு, இன்ஜினை மெல்ல நிமிடத்துக்கு 1000 சுற்றிலிருந்து 3000 சுற்றுவரை உயர்த்துங்கள். இப்போது கேட்பதெல்லாம் இன்ஜின், சைலன்சர், மின்விசிறி ஆகியவற்றுக்கு உரியவை. ஏதோ ஒரு சுற்றில் மட்டும் வண்டியின் உடலே சேர்ந்து முழங்கி, அதைத் தாண்டியதும் அடங்கினால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, தேனிப் பக்கத்தில் போக்குவரத்து இல்லாத சமவெளிச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கிளட்சை மிதித்து இன்ஜினை ஐடிலுக்கு விடுங்கள்; இன்ஜினை அணைக்கக் கூடாது. அப்போது மிச்சமிருப்பது டயர், காற்று, பின்னச்சின் பற்சக்கரங்கள் இருக்கும் ஹௌசிங் ஆகியவற்றின் சத்தம். மலை இறக்கத்தில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அங்கே கியரில் இருப்பதுதான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஒரு விதமாகவும் விடும்போது வேறு விதமாகவும் ஊளையிட்டால், அது பற்சக்கரங்களிலிருந்து வருவது. வேகத்தோடு சேர்ந்து மட்டும் மாறி, கியர் மாற்றத்தால் மாறாத உறுமல் பெரும்பாலும் டயரிலிருந்தோ வீல் பேரிங்கிலிருந்தோ வருவதாக இருக்கும்.

பழுதுகளுக்கு வருகிறேன். எந்த ஷீட்டும் செய்ய முடியாததைச் செய்வது இந்தப் பகுதிதான் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை எரிதல் நடக்கிறது. நிமிடத்துக்கு 2400 சுற்றில் அது விநாடிக்கு 80 முறை, அதாவது 80 ஹெர்ட்ஸ். இந்தத் தாழ்ந்த சுருதிதான் தலைக்குள் இடிப்பதுபோல் உணரப்படும் முழக்கம். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் 4 மீட்டருக்கு மேல். அதைப் பஞ்சாலோ ஸ்பாஞ்சாலோ உறிஞ்ச வேண்டுமானால் அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது ஏறத்தாழ ஒரு மீட்டர் கனம் தேவைப்படும். ஒரு அங்குல ஸ்பாஞ்சு அதற்கு எதிரில் எதுவுமே செய்யாது. மேலும், வண்டியின் உள்கூடு 2 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் காற்றறை தானாகவே 86 ஹெர்ட்ஸ் அருகில் ஒத்ததிரும்; அது ஏறத்தாழ 2600 சுற்றுக்குச் சமம். ஏற்றத்தில் ஒரு குறிப்பிட்ட சுற்றில் மட்டும் வண்டி முழங்குவதற்கு இது ஒரு காரணம்.

இந்த முழக்கம் பெரும்பாலும் காற்று வழியாக வருவதில்லை. இன்ஜினின் அதிர்வு அடிச்சட்டமான சேஸுக்கும், சேஸிலிருந்து பாடிக்கும், பாடியின் தகடுகளிலிருந்து காதுக்கும் போகிறது. ஆகவே அதைத் தடுக்க வேண்டிய இடம் ரப்பர் மவுண்டிங்குகள்தான். பழைய ஜீப்புகளில் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் எண்ணெய் குடித்து ஊறியோ, வயதாகி இறுகியோ போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் உள்வாங்காத ரப்பர் ரப்பர் இல்லை, அது இரும்போடு இரும்பாகச் சேர்ந்துவிட்ட கட்டை. இன்ஜின் மவுண்டிங், கியர்பாக்ஸ் மவுண்டிங், பாடியும் சேஸும் சேரும் இடத்திலுள்ள ரப்பர் துண்டுகள், சைலன்சர் தொங்கும் ரப்பர்கள் ஆகிய நான்கையும் பாருங்கள். இதற்கு ஆகும் செலவு கடைக்காரர் சொன்ன தொகையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. பலனோ முழு ஷீட் வேலையைவிடப் பெரியதாக இருக்கக்கூடும். பாலியூரித்தேன் புஷ் போட்டால் நீடித்து உழைக்கும் என்று சில பட்டறைகளில் சொல்வார்கள். உழைப்பது உண்மை, ஆனால் அது ரப்பரைவிட இறுகியது, அதிர்வை அதிகமாகவே கடத்தும். அமைதி வேண்டுமென்றால் நல்ல ரப்பரே போதும்.

சைலன்சர் குழாய் பாடியையோ சேஸையோ எங்காவது தொட்டுக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே ஒரு இடத்தில் உலோகம் உலோகத்தைத் தொட்டாலும் குழாயின் அதிர்வு முழுவதும் தரைக்குள் ஏறும். இன்ஜினோடு புகைக்குழாய் சேரும் இடத்திலுள்ள மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவு இருந்தால் குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடங்களுக்கு 'டிக் டிக்' என்று கேட்டு, சூடேறியதும் அடங்கும். இது இரைச்சல் மட்டுமில்லை, புகை உள்ளே வரும் ஆபத்தும்கூட. கியர்பாக்ஸ், சக்தியை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்துத் தரும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ், ஹௌசிங் ஆகியவற்றில் எண்ணெய் அளவையும் தரத்தையும் சரிபாருங்கள்; இந்த வகை வண்டிகளில் சக்தி பற்சக்கரங்கள் வழியாகவே பின்னச்சுக்குப் போவதால் ஓரளவு ஊளை எப்போதும் இருக்கும், எண்ணெய் குறைந்தால் அது கூடிவிடும்.

இதே இடத்தில் இன்ஜினைப் பற்றி ஒரு சொல். எம்.எம். 540இல் வந்த 2112 சி.சி. இன்ஜின் பிரான்சின் பூஷோ நிறுவன வழி வந்தது; சிலிண்டரை ஒட்டிய சிறு முன்னறையில் டீசலை எரிக்கும் அமைப்பு. அதன் தட்டல் ஓரளவு மென்மையானது. பிற்காலத்து டி.ஐ. இன்ஜின்கள் நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிப்பவை. டீசல் செலவில் சிக்கனம், தட்டலில் கூர்மை. உங்களுடையது பழைய இன்ஜின் என்றால், அதன் இயல்பான சத்தத்தைவிடக் கூடுதலாகத் தட்டினால் பம்ப் டைமிங்கையும் இன்ஜெக்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். 2010இல் வந்த தார், 2020இல் வந்த அடுத்த தலைமுறை தார் போன்ற வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதியில் வேலை குறைவு. அவர்கள் ஓட்டையும் கூரையும் பற்றிய பகுதிக்கு நேரே போகலாம்.

இனி ஓட்டைகள். ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மிச்சம் 99 பங்கும் எவ்வளவு கனமாக இருந்தாலும், அந்தச் சுவரால் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. ஜீப்பின் தரை 2 சதுர மீட்டர் என்றால் நூற்றில் ஒன்று என்பது 14 சென்டிமீட்டருக்கு 14 சென்டிமீட்டர். பழைய ஜீப்பில் கியர் லிவரும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் லிவர்களும் வெளிவரும் இடத்தில் கிழிந்துபோன ரப்பர் பூட், பெடல்கள் இறங்கும் பிளவுகள், ஸ்டியரிங் தண்டு நுழையும் துளை, வயர்கள் போகும் குரோமெட் என்ற ரப்பர் வளையம் இல்லாத துளைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்; அந்த அளவு எளிதில் வந்துவிடும். இதை அடைக்காமல் மேலே எதை ஒட்டினாலும் வீண்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க நம் ஊர் மழையே போதும். மழையில் தண்ணீர் எங்கே ஒழுகுகிறதோ, மண்பாதையில் புழுதி எங்கே நுழைகிறதோ அங்கெல்லாம் ஒலியும் நுழைகிறது. உள்ளே வெள்ளைத் தாள் விரித்து மழையில் ஓட்டிப் பாருங்கள், கோடையில் தரைவிரிப்பைத் தூக்கிப் புழுதிக் கோடுகளைப் பாருங்கள். இரவில் ஒருவர் வெளியே கீழிருந்து டார்ச் அடிக்க இன்னொருவர் உள்ளே இருட்டில் உட்கார்ந்து பார்த்தால் மிச்சமும் தெரிந்துவிடும். கதவு விளிம்பின் ரப்பர்ப் பட்டையான பீடிங்குக்கு, ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் பீடிங் அழுந்தவில்லை. உள்ளூரில் செய்த தகரக் கதவுகளில் பீடிங் புதிதாக மாற்றினால் மட்டும் போதாது, கீல்களையும் பூட்டின் பிடியையும் நகர்த்திக் கதவு சரியாக உட்காரும்படி டிங்கரிடம் செய்துகொள்ள வேண்டும். இந்த ஒரு வேலையால் காற்றுச் சீறலும், மண்பாதையில் கதவு அடித்துக்கொள்வதும், மழை ஒழுகுவதும் சேர்ந்தே குறையும். துளைகளை அடைக்கப் பியூட்டைல் என்ற ரப்பர் பசை நல்லது, இறுகிப் பிளக்காது. இன்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டில் இருக்கும் துளைகளை முதலில் அடையுங்கள், ஏனென்றால் ஏற்றத்தில் வரும் இரைச்சல் பெரும்பாலும் அந்த வழிதான்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. தரையிலும் கதவின் அடியிலும் தண்ணீர் வடிய விடப்பட்ட துளைகள் ஓட்டைகள் அல்ல. அவற்றை அடைத்தால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி, அடி விளிம்பு துருவாகிவிடும். தரையின் வடிகால் துளைக்கு எடுத்து மாட்டக்கூடிய ரப்பர் அடைப்பு போடலாம். பசை போடக் கூடாது.

இப்போது ஷீட். சந்தையில் 'சவுண்ட் ப்ரூஃப்' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. மூன்றும் மூன்று வேலை செய்பவை, ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. முதலாவது, அலுமினியத் தாள் போர்த்திய பியூட்டைல் ஷீட். தகடு அதிரும்போது அந்த அதிர்வைச் சூடாக மாற்றி அடக்குவது இதன் வேலை. தட்டினால் 'டங்' என்று ஒலித்த தகடு 'டப்' என்று அடங்கும். 2 மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்கு 3 முதல் 4 கிலோ வரை எடை வரும். தகட்டின் நடுப்பகுதியில், மொத்தப் பரப்பில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை ஒட்டினால் கிடைக்கக்கூடிய பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். விளிம்போடு விளிம்பாக முழுவதும் ஒட்டுவது எடையையும் கட்டணத்தையும் கூட்டும் வழி மட்டுமே. கடைக்காரர் சொன்ன தொகை இங்கேதான் பெருகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, நுண்ணறைகள் மூடிய ஃபோம். ஏசி குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஃபோம் இந்த வகைதான். இது தண்ணீரைக் குடிக்காது. இதன் வேலை ஒலியைத் தடுப்பதல்ல. தகட்டையும் அதன் மேல் வரும் கனமான அடுக்கையும் ஒன்றையொன்று தொடாமல் பிரித்து வைப்பது, சூட்டைத் தடுப்பது, பாகங்கள் உரசிக் கிறீச்சிடாமல் காப்பது. மூன்றாவது, கனமான வினைல் விரிப்பு. சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவில் வரும். காற்று வழியாக வரும் ஒலியைத் தடுப்பது எடைதான். எடை இரட்டிப்பானால் தடுப்பு ஏறத்தாழ 6 டெசிபல் கூடும் என்பது பொது விதி.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ, அதன் மேல் 5 கிலோ விரிப்பை நேரே ஒட்டினால் கிடைப்பது 4 டெசிபலுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அதே விரிப்பை இடையில் ஃபோம் வைத்து, ஒட்டாமல் தளர்வாக விரித்தால் இரண்டு தனிச் சுவர்கள் போல வேலை செய்து மிக அதிகமாகத் தடுக்கும். ஆனால் 6 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளியில் இந்தப் பலன் ஏறத்தாழ 350, 450 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் தொடங்கும். பேச்சைக் கெடுக்கும் டயர் இரைச்சலும் பற்சக்கர ஊளையும் இன்ஜின் தட்டலும் பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால் இது மிகவும் பயன்படும். 80 ஹெர்ட்ஸ் முழக்கத்துக்கு இது மருந்தாகாது, அதற்கு மவுண்டிங்தான் மருந்து.

தரையில் இந்த வரிசைப்படி போடுங்கள்: துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, முழுவதும் காய்ந்த பிறகு நடுப்பகுதிகளில் பியூட்டைல், அதன் மேல் ஃபோம், அதன் மேல் கன விரிப்பு, எல்லாவற்றுக்கும் மேலே ரப்பர் மேட். பியூட்டைலைத் தவிர வேறெதையும் ஒட்ட வேண்டாம். கையால் தூக்கி வெயிலில் காய வைக்கும்படி துண்டுகளாக வெட்டிப் போடுங்கள், துண்டுகள் சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். கியர்பாக்ஸ் மேல் தகட்டின் போல்ட்டுகளைத் திறக்க வசதியாக, அந்த இடத்து விரிப்பைத் தனித் துண்டாக எடுக்க முடிய வேண்டும். தரை, தடுப்புத் தகடு இரண்டுக்கும் சேர்த்து 25, 30 கிலோவுக்குள் முடியும். அதற்கு மேல் போனால் எங்கோ தேவையில்லாமல் ஒட்டுகிறார்கள் என்று பொருள். வினைல் விரிப்பு கிடைக்காவிட்டால், ரப்பருக்குப் பெயர்போன கோட்டயம் பக்கத்திலிருந்து வரும் 3 மில்லிமீட்டர் கன ரப்பர் ஷீட் ஏறத்தாழ அதே எடையைத் தரும். மாட்டுத் தொழுவத்துக்குப் போடும் தடித்த ரப்பர் பாயைச் சிலர் போடுகிறார்கள். அதன் எடை இந்த வண்டிக்கு ஏற்றதல்ல. எந்த விரிப்பானாலும் பெடல்களுக்கு அடியில் தடிமனாக வரக் கூடாது. ஆக்சிலேட்டர் பெடல் முழுவதும் கீழே போய்த் தடையின்றித் திரும்புகிறதா, பிரேக் பெடலும் கிளட்ச் பெடலும் முழு தூரம் நகர்கின்றனவா என்று கையால் அழுத்திப் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள். போடிமெட்டு இறக்கத்தில் பெடல் சிக்கினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கூரைக்கு நான் தரையைவிட அதிக மதிப்புக் கொடுப்பேன். தகரக் கூரை என்பது உங்கள் தலைக்கு மேலே கட்டிய பறை. மழைத்துளி விழும்போது அதிர்வது அந்தத் தகடேதான் என்பதால், பியூட்டைல் ஷீட் தன் முழு வல்லமையைக் காட்டும் இடம் இதுதான். விட்டங்களுக்கு இடையில் நடுப்பகுதியில் பியூட்டைல் ஒட்டி, அதன் மேல் இடைவெளி விடாமல் முழுப் பரப்பிலும் 10 மில்லிமீட்டர் ஃபோம் ஒட்டி, ரெக்சின் போர்த்துங்கள். மழைச் சத்தம் வெகுவாக அடங்கும். தேனி வெயிலில் கூரைச் சூடும் குறையும். சூரியநெல்லிக் குளிரில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு: மூடிய வண்டிக்குள் ஆட்களின் மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த வெறுந்தகட்டில் பட்டுத் துளியாகிச் சொட்டும், அந்த ஈரம்தான் கூரை மூட்டுகளை உள்ளிருந்து துருவாக்குகிறது, ஃபோம் முழுவதும் ஒட்டியிருந்தால் காற்று தகட்டைத் தொடாது. கூரையில் தாரடிப்படையிலான மலிவு ஷீட்டை ஒட்ட விடாதீர்கள். சமவெளி வெயிலில் அது இளகி வழியும், வாடை அடிக்கும், ஒரு நாள் தலையில் உரிந்து விழும்.

ஒட்டும் நாளையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். மலைமேல் குளிர்ந்த காலையில் பியூட்டைல் சரியாகப் பிடிக்காது. போடியிலோ தேனியிலோ மதிய வெயிலில் செய்தால் தகடும் ஷீட்டும் தானே சூடாகி நன்றாக ஒட்டும். மேலே செய்தாக வேண்டுமென்றால் ஹீட் கன் வேண்டும். ஒட்டும் முன் தகட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒட்டியபின் சிறு ரோலரால் காற்றுக்குமிழ் இல்லாமல் அழுத்த வேண்டும். குமிழ் நின்ற இடத்தில் ஈரம் சேரும்.

கதவுகளில் வெளித்தகட்டின் உட்பக்கத்தில் கையகலப் பியூட்டைல் துண்டுகள் இரண்டு போதும். பானெட்டின் அடியில் எதுவும் ஒட்ட வேண்டாம் என்பதே என் கருத்து: பலன் சிறிது, எண்ணெய் ஊறினால் தீ ஆபத்து பெரிது. இன்ஜின் பக்கம் ஏதாவது போட்டே ஆக வேண்டுமானால் அலுமினியம் போர்த்திய கண்ணாடியிழை மட்டும். வண்டியின் உட்புறப் பொருள்கள் தீப்பற்றும் தன்மைக்கு ஐ.எஸ். 15061 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. ஷீட் வாங்கும்போது அதைக் கேளுங்கள், கடையில் பதில் தெரியாவிட்டால் ஒரு சிறு துண்டை வெட்டி வெளியே வைத்துத் தீக்குச்சி காட்டிப் பாருங்கள். எரிந்துகொண்டே போனால் அது வண்டிக்குள் வரக் கூடாது. சைலன்சர் போகும் பக்கத்துத் தரையில் இது இரட்டிப்பு முக்கியம். தெர்மகோல், முட்டை அட்டை, சணல் கம்பளம், தென்னைநார்ப் பலகை ஆகியவற்றைக் கேட்கவே வேண்டாம். முதல் இரண்டும் ஒலியைத் தடுப்பதில்லை, பின் இரண்டும் மழைக்காலம் முழுவதும் தண்ணீரைத் தாங்கிக்கொண்டு கிடக்கும்.

டயரைப் பற்றிச் சுருக்கமாக. சேற்றுப் பாதைக்கான மட் டெரைன் டயரின் பெரிய கட்டைகள் சாலையில் ஒவ்வொன்றாக அறைவதுதான் அந்த உறுமல். தோட்டத்துச் சேற்றுக்கு அது தேவை என்றால் வைத்துக்கொள்ளுங்கள். தேவையில்லாமல் தோற்றத்துக்காகப் போட்டிருந்தால், எல்லாப் பாதைக்கும் பொதுவான ஆல் டெரைன் டயருக்கு மாறுவது சமவெளியில் எந்த ஷீட்டையும்விட அதிகமாகப் பயன்தரும். கட்டைகள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் சத்தம் கூடும் என்பதால், டயர்களை முறையாக இடம்மாற்றிப் போடுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேரளத்தில் இந்த விஷயத்தில் கெடுபிடி அதிகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைக் கண்டிப்பாகப் பொருள்கொண்டு அளித்த தீர்ப்பும் கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் வந்தது. உள்ளே ஷீட் ஒட்டுவது அந்த வகை மாற்றமல்ல. ஆனால் படுதா வண்டிக்குத் தகரக் கூரை போட்டிருப்பது ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாத கூரைக்கு உள்வேலை செய்து பணத்தைப் போட்டுவிட்டுப் பிறகு அதைக் கழற்றச் சொன்னால் நஷ்டம் உங்களுக்கு.

தாயாரின் காதைப் பற்றிச் சொன்னீர்களே, அதை அலட்சியப்படுத்த வேண்டாம். தொடர்ந்து இரைச்சல் கேட்டால் காது மருத்துவரிடம் காட்டுங்கள். ஓட்டுகிறவரின் காதுக்கும் கணக்கு உண்டு. அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம் என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாக வேண்டும் என்றும் வரம்பு வைத்திருக்கிறது; 91 டெசிபல் என்றால் 2 மணி நேரம்தான். நாள் முழுவதும் ட்ரிப் அடிக்கும் ஓட்டுநர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே அமைதியானால் வளைவில் எதிர்வண்டி ஹார்ன் கேட்காதே என்ற பயம் சிலருக்கு உண்டு. சொந்த இன்ஜின் சத்தம் குறைந்தால் ஹார்ன் இன்னும் தெளிவாகவே கேட்கும்.

ஒவ்வொரு வேலைக்கு முன்பும் பின்பும் கைபேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்றை வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதே சாலை, அதே கியர், அதே வேகம், மூடிய கண்ணாடி, கைபேசி அதே இடத்தில். கைபேசியின் எண் துல்லியமானதல்ல, ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் நம்பத்தக்கது. செயலியில் ஏ, சி என்று இரண்டு வகை அளவுகள் இருந்தால் இரண்டையும் குறியுங்கள். சி அளவு முழக்கத்தையும் கணக்கில் சேர்க்கும், ஏ அளவு அதைப் பெரும்பாலும் விட்டுவிடும். மவுண்டிங் மாற்றியதும் சி குறைந்து ஏ அப்படியே இருந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே கடைக்காரரிடம் இப்போதைக்குக் கூரைக்கு மட்டும் விலை கேளுங்கள். மவுண்டிங், பூட், பீடிங் வேலைகளை உங்கள் பட்டறையில் முடித்துவிட்டு, தேனிக்கு ஒரு முறை போய்வந்து, எண்களைப் பார்த்த பிறகு தரைக்கு வேண்டுமா என்று முடிவு செய்யலாம். தரையிலும் போடுவதாக இருந்தால் மழைக்கு முன், ஏப்ரல் மேக்குள் முடித்துவிடுங்கள். ஜூனில் முதல் பெருமழை ஓய்ந்ததும் விரிப்பு முழுவதையும் தூக்கி, ஃபோமுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் எந்தத் துளையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைத்த பிறகே விரிப்பைத் திரும்பப் போட வேண்டும்.